உரியும் பெயின்ற், ஓடித் திரியும் பிள்ளை: குளிருக்கு முன் எதை முதலில் செய்வது?

கேள்வி: ஸ்காபரோவில் 1956இல் கட்டிய பங்களா வீடு ஒன்றை இந்தக் கோடையில் வாங்கினோம். மகனுக்குப் பதினாறு மாதம், ஓடித் திரிகிறான். நவம்பர் நடுப்பகுதியில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதன் பிறகு மாமிதான் அவனைப் பார்க்கப் போகிறா. அதற்குள் அவனுடைய அறை யன்னல்களில் உரிந்து நிற்கும் பெயின்றைச் சுரண்டி அறை முழுவதற்கும் புதிதாக அடிக்க வேண்டும், விளையாட்டுச் சாமான் வைக்க ஒரு தட்டு பூட்ட வேண்டும், யன்னலால் வரும் காற்றை அடைக்க வேண்டும், பேஸ்மன்ற் படிக்கு கேற் போட வேண்டும். வெளியில் மேப்பிள் இலை வேறு. கணவருக்குச் சனிக்கிழமை மட்டும்தான் ஓய்வு. மற்ற நாட்களில் பிள்ளை மத்தியானம் தூங்கும் இரண்டு மணி நேரம்தான் என் கையில். எதிலிருந்து தொடங்குவது? சுரண்டுவதற்கு மின்சார சாண்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்தச் சாண்டரைப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டு இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் பட்டியலில் முதலாவதாக இருக்கும் வேலைதான் கடைசியாகச் செய்ய வேண்டியது. அதையும் நீங்கள் நினைத்திருக்கும் முறையில் செய்யக் கூடாது.

கனடாவில் 1960க்கு முன் கட்டிய வீடுகளில், உள்ளேயும் வெளியேயும், ஈயம் கலந்த பெயின்ற் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். வீட்டுக்குள் அடிக்கும் பெயின்றில் ஈயத்துக்குச் சட்டம் வரம்பு வைத்தது 1976இல்தான். உங்கள் வீட்டு யன்னலில் பெயின்ற் உரிகிறது என்றால் அது பழைய மரச்சட்ட யன்னல். அதிலும் பிள்ளையின் அறை. மேலே தெரியும் வெள்ளை புதியதாக இருக்கலாம், கீழே நான்கைந்து படைகள் இருக்கும், எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் படையில்தான் ஈயம். சாண்டர் ஓடும்போது இந்தப் படைகள் எல்லாம் மாவாகி வீடு முழுவதும் பரவும். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்து அறைகளுக்கும் போகும். ஹீற்கண் வைத்து உருக்குவதும் சரிவராது, சூட்டில் ஈய ஆவி வரும். காய்ந்த நிலையில் சுரண்டுவதும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

பெரியவர்களை விடச் சின்னப் பிள்ளைக்கு ஏன் இது மோசம் என்றால், விழுங்கும் ஈயத்தில் அவர்களுடைய உடல் உறிஞ்சுவது பெரியவர்களின் உடலை விட நான்கைந்து மடங்கு. இரும்புச்சத்து குறைந்த பிள்ளையாக இருந்தால் இன்னும் கூடும். பதினாறு மாதத்துப் பிள்ளை பெயின்றைக் கடித்துத் தின்றால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். தரையில் படிந்த தூசி கையில் ஒட்டி, கை வாய்க்குப் போவதுதான் பெரும்பாலும் நடப்பது. கண்ணுக்குத் தெரியாத அளவு தூசியே போதும்.

இப்போது, இந்த வாரமே செய்யக் கூடியது இது. பிள்ளையின் கட்டிலை யன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள். முடிந்தால் வசந்தம் வரை வேறு அறையில் படுக்க வையுங்கள். யன்னல் அடிச்சட்டத்தையும் அதன் கீழ்த் தரையையும் ஈரத் துணியால் வாரம் இரண்டு முறை துடைக்க வேண்டும். இரண்டு வாளி வையுங்கள், ஒன்றில் சாதாரணச் சவர்க்காரத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியை முதலில் வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் சவர்க்காரத் தண்ணீரில் தோய்க்க வேண்டும், இல்லாவிட்டால் துடைத்த தூசியையே திரும்பப் பூசுவீர்கள். துடைத்த துணியைக் குப்பையில் போடுங்கள், பிள்ளையின் உடுப்புகளோடு துவைக்க வேண்டாம். தும்புத்தடியால் கூட்டுவதும், சாதாரண வாக்கியூமால் உறிஞ்சுவதும் இந்தத் தூசியைத் திரும்பக் காற்றில் கிளப்பிவிடும். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பூட்டிய வாக்கியூம் மட்டும் பரவாயில்லை. சாப்பிட முன்னும் தூங்க முன்னும் பிள்ளையின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மேலே தள்ளித் திறக்கும் யன்னல் என்றால் அதைத் திறந்து மூடுவதை நிறுத்துங்கள். சட்டமும் சட்டமும் உரசும் இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் புதுத் தூசி உண்டாகிறது. சுவரில் நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பெயின்ற் அப்படித் தூசியைக் கொட்டாது. குடும்ப மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது வீட்டின் வயதையும் உரியும் பெயின்றையும் சொல்லி, இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். பயப்படுத்தச் சொல்லவில்லை. ஒரு சின்ன இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம்.

ஈயம் இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதே நல்லது. கடையில் விற்கும் நிறம் மாறும் குச்சியைக் கடைசி வார்த்தையாக எடுக்க வேண்டாம், மேற்படையில் தேய்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கணவர் பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போகும் ஒரு சனிக்கிழமை, மறைவான இடத்தில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, கூரான கத்தியால் மரம் தெரியும் வரை எல்லாப் படைகளையும் சேர்த்து இரண்டு சென்ரிமீற்றர் சதுரம் வெட்டி எடுங்கள். சிப் பையில் போட்டு, எந்த அறை, எந்த யன்னல் என்று எழுதுங்கள். வெட்டிய இடத்தை ரேப்பால் மூடி, சுற்றிலும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது கேற். ஒரே ஒரு வேலைக்குத்தான் நேரம் கிடைக்கும் என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்காபரோவின் ஐம்பதுகளின் பங்களாக்களில் பெரும்பாலும் குசினியிலிருந்து நாலைந்து படி இறங்கினால் பக்கக் கதவு வரும், அந்தச் சின்னத் தளத்திலிருந்து திரும்பி பேஸ்மன்றுக்கு மீதிப் படி. பலர் கேற்றை அந்தத் தளத்தில் பூட்டுகிறார்கள். அங்கே பூட்டினால் பிள்ளை மேல் நாலு படியில் விழும். அதோடு, பக்கக் கதவைத் திறந்து சாமான் பைகளோடு உள்ளே வருபவர் கேற்றில் இடிபட்டு அதைத் திறந்தபடி விட்டுவிடுவார். குசினி மட்டத்தில், முதல் படிக்கு முன்னால் பூட்டுங்கள். குசினிப் பக்கம் திறக்க வேண்டும், படிப் பக்கம் திறக்கவே கூடாது.

படியின் மேல் முனைக்கு, சுவரில் அழுத்தத்தால் நிற்கும் கேற் வேண்டாம். பிள்ளை சாய்ந்து தள்ளத் தள்ள அது மெல்ல நகரும், ஒரு நாள் கேற்றும் பிள்ளையும் சேர்ந்தே போகும். அதன் கீழே குறுக்காக ஓடும் கம்பி பெரியவர்களின் காலையும் தட்டும். மாமி உடுப்புக் கூடையோடு இறங்குவா என்பதை நினைத்துப் பாருங்கள். ஸ்குரூ போட்டுப் பூட்டும் வகைதான் வாங்க வேண்டும். அழுத்த வகையை இரண்டு அறைகளுக்கு நடுவிலோ படியின் அடியிலோ வைக்கலாம்.

அளவு எடுக்கும்போது இரண்டு இடத்தில் எடுங்கள்: தரையோடு ஒட்டிய பேஸ்போர்டுக்கு மேல் ஒன்று, கேற்றின் மேல் விளிம்பு வரும் உயரத்தில் ஒன்று. பழைய வீட்டில் இரண்டும் ஒன்றாக இருக்காது. ஸ்குரூ சுவருக்குள் நிற்கும் மரச்சட்டத்தில், அதாவது ஸ்ரட்டில், இறங்க வேண்டும். சட்டங்கள் வழக்கமாக நடுவிலிருந்து நடுவுக்கு 16 அங்குல இடைவெளியில் நிற்கும். உங்கள் வீட்டுச் சுவர் பிளாஸ்டராக இருக்க வாய்ப்பு அதிகம், அதில் மின்சார ஸ்ரட் கருவி பல முறை பொய் சொல்லும். பலமான சின்னக் காந்தத்தைச் சுவரில் மெல்ல நகர்த்துங்கள். உள்ளே ஆணி இருக்கும் இடத்தில் பிடிக்கும். மேலும் கீழுமாக ஒரே கோட்டில் மூன்று இடத்தில் பிடித்தால் அதுதான் சட்டம்.

சட்டம் கேற் வரும் இடத்தில் இல்லாவிட்டால், பிளாஸ்ரிக் அங்கரை நம்ப வேண்டாம், பழைய பிளாஸ்டர் பொரிந்து கொட்டும். 1×4 பலகை ஒன்றைக் கிட்டடியில் இருக்கும் இரண்டு சட்டங்களுக்கு எட்டும் நீளத்தில் குறுக்காக வைத்து, இரண்டரை அங்குல மர ஸ்குரூவால் பூட்டுங்கள். கேற்றின் மேல் பிணைச்சலுக்கு ஒன்று, கீழ்ப் பிணைச்சலுக்கு ஒன்று என இரண்டு பலகை வேண்டும். ஒரு பக்கம் கைபிடித் தூணாக இருந்தால் தூணைத் துளைக்காமல் பட்டியால் கட்டும் பொருத்து தனியாக விற்கிறார்கள். துளையிடும் இடத்தில் முதலில் கொஞ்சம் ஷேவிங் நுரையைப் பூசிவிட்டுத் துளைத்தால் தூசி அதிலேயே ஒட்டிவிடும். அந்தச் சுவரிலும் பழைய பெயின்ற்தான் இருக்கிறது, மறக்க வேண்டாம். கேற்றின் அடிக்கும் தரைக்கும் இடையில் ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் விட வேண்டாம்.

இது சனிக்கிழமை வேலை. அளவெடுப்பதும் காந்தம் பிடிப்பதும் உங்கள் மத்தியான நேரத்தில் முடித்து, பென்சிலால் குறித்து வைத்துவிட்டால் கணவருக்கு ஒரு மணி நேரத்தில் முடியும். முடிந்ததும் மாமியை வரவழைத்து ஒரு கையால் திறந்து மூடச் சொல்லுங்கள். அவவுக்கு முடியாத பூட்டு என்றால் அது நாள் முழுக்கத் திறந்தபடி நிற்கும், வேறு மாதிரி மாற்ற வேண்டும்.

ஊரிலிருந்து யாராவது சக்கரம் பூட்டிய நடைவண்டி, உள்ளே இருந்து தள்ளும் வகை, கொண்டுவந்து தந்திருந்தால் அதை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். கனடாவில் 2004 முதல் அதை விற்பதும் இறக்குமதி செய்வதும் தடை. காரணம் இந்தப் படிகள்தான்.

யன்னல் காற்றைப் பற்றி. கடைகளில் விற்கும் பிளாஸ்ரிக் தாள், சட்டத்தைச் சுற்றி இரட்டைப் பக்க ரேப் ஒட்டி ஹெயார் ட்ரையரால் இறுக்குவது, நல்ல சாமான்தான். ஆனால் உரியும் பழைய பெயின்றில் ஒட்டினால் சித்திரையில் ரேப்பைக் கழற்றும்போது பெயின்ற் தோல் தோலாகச் சேர்ந்து வரும். உங்கள் மகனின் அறைக்கு அது வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் மற்ற அறைகளுக்குப் போடலாம். அங்கும் பிள்ளை எட்டும் உயரத்தில் தாளின் ஓரம் கிழிந்து தொங்கினால் உடனே கழற்றிவிடுங்கள், மூச்சு அடைக்கும் சாமான் அது. மகனின் அறைக்கு, களிமண் போல அழுத்தி ஒட்டிப் பிறகு கையாலேயே உரித்தெடுக்கும் கயிற்றுக் கோல்க், அதாவது இடுக்கு அடைக்கும் பசை, நல்லது. யன்னல் எப்படியும் மூடியே இருக்கப் போகிறது. அடிச்சட்டம் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால் மட்டும். எட்டுமானால் பிய்த்து வாயில் போடுவான், பெயின்றும் கூடவே போகும். அப்படியென்றால் இந்தக் குளிருக்குத் தடித்த திரைச்சீலை போட்டுச் சமாளியுங்கள். கயிறு தொங்கும் பழைய பிளைன்ட் இருந்தால் கழற்றி எறியுங்கள், அதை மட்டும் யோசிக்கவே வேண்டாம்.

வெளிப்பக்க இடுக்குகளுக்கு அக்ரிலிக் கோல்க் போடுவதென்றால் வெப்பநிலை ஐந்து பாகைக்குக் கீழே போக முன் போட வேண்டும், இரவு வெப்பநிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒக்ரோபர் முடிய முன் செய்யாவிட்டால் விட்டுவிடுங்கள். குளிரில் போட்டது ஒட்டாமல் தைமாதம் விரிசல் விடும்.

விளையாட்டுச் சாமான் தட்டு உங்கள் தூக்க நேரத்துக்கு ஏற்ற வேலை. இடுப்பு உயரத்துக்கு மேல் போகாததை வாங்குங்கள், பாரமான சாமான் அடித்தட்டில். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சுவர்ச் சட்டத்தோடு பட்டி போட்டுக் கட்ட வேண்டும். பிள்ளை தட்டுகளைப் படியாக நினைத்து ஏறும்போது முன்பக்கம் சரியும். அவனுடைய உடுப்பு அலுமாரியையும் ரீவீயையும் அதே நாளில் கட்டிவிடுங்கள், ட்ரில் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பிரித்த பெட்டியில் இருக்கும் ஸ்குரூ, மரமுளை எல்லாவற்றையும் எண்ணி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், முடிந்ததும் மிச்சத்தை எண்ணுங்கள். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கான சாமான்களைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 3.17 சென்ரிமீற்றர். அதற்குள் அடங்குவது எதுவும் தொண்டையில் அடைக்கக்கூடியது. இரண்டு மணி நேரத் தூக்கம் என்றால் ஒன்றேகால் மணி நேர வேலைக்குத்தான் திட்டமிட வேண்டும். மிச்சம் சாமான் எடுத்து வைக்கவும் தரை துடைக்கவும். பாதியில் நிறுத்த முடியாத எதையும் அந்த நேரத்தில் தொடங்க வேண்டாம்.

நீங்கள் கேட்காதது ஒன்று. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை நேரம் ஒரு மணி பின்னுக்குப் போகும். அதற்கு முந்திய சனிக்கிழமை பேஸ்மன்றில் கணவருக்கு அரை மணி நேர வேலை இருக்கிறது. ஃபேர்னஸ் வடிகட்டியின் ஓரத்தில் அளவு அச்சிட்டிருக்கும், ஓர் அங்குலத் தடிப்பானால் மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். அதில் இருக்கும் அம்புக்குறி ஃபேர்னஸைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பிள்ளைக்கு நல்லது என்று நினைத்து மேர்வ் 13 (வடிகட்டி எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதைக் காட்டும் எண்) போன்ற அடர்த்தியானதை ஓர் அங்குல இடத்தில் போட வேண்டாம், காற்றோட்டம் குறைந்து ஃபேர்னஸ் சூடாகி நின்று நின்று ஓடும். மேர்வ் 8 முதல் 11 வரை போதும். புகை அலாரங்களின் பின்பக்கத்துத் திகதியைப் பாருங்கள், பத்து வருடம் தாண்டியிருந்தால் பற்றரி மாற்றிப் பயனில்லை, அலாரத்தையே மாற்ற வேண்டும். ஒன்ராறியோவில் காபன் மொனொக்சைட் அலாரம் தூங்கும் அறைகளுக்கு அருகில் இருக்க வேண்டும் என்று மட்டும் முன்னர் சட்டம் இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் காஸ் ஃபேர்னஸ் உள்ள வீட்டில் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று வேண்டும். பேஸ்மன்றையும் ஒரு தளமாகக் கணக்கிடுங்கள். ஃபேர்னஸின் வெள்ளைக் குழாய் பக்கச் சுவரால் வெளியே வந்தால் அதன் வாயில் இலை அடைபட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளிவேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டக் குழாயை முதல் உறைபனிக்கு முன் மூட வேண்டும்: ஹோஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் வால்வை மூடி, வெளிக் குழாயைத் திறந்து தண்ணீர் வடிய விட்டு அப்படியே விடுங்கள். ஹோஸ் பூட்டியபடி இருந்தால் உள்ளே தண்ணீர் தங்கி, உறைந்து, சுவருக்குள் குழாய் வெடிக்கும். அது தெரிய வருவது வசந்தத்தில். கூரைத் தண்ணீர் ஓடும் பீலியை நோர்வே மேப்பிள் இலை கொட்டி முடியும் நவம்பர் நடுப்பகுதியில் ஒரே முறை துப்புரவாக்கினால் போதும். ஏணி நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி என்ற கணக்கில் சுவரை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அந்த வேலை நடக்கும்போது பிள்ளை வீட்டுக்குள். ரொறன்ரோவில் இலையைக் கடதாசிப் பையில் போட்டு வைக்க வேண்டும், பிளாஸ்ரிக் பையை எடுக்க மாட்டார்கள்.

இலை அள்ளுவதற்கு மகனைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வயதுக்கு இலையைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்ப வெளியே எடுப்பதுதான் வேலை, அதில் கோபிக்க ஒன்றுமில்லை. ஒரு பழைய பெயின்ற் பிரஷும் கொஞ்சத் தண்ணீரும் கொடுத்தால் வேலிப்பலகைக்கு 'பெயின்ற்' அடித்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பான். ஆனால் வீட்டுச் சுவரோடு ஒட்டிய மண்ணில் விட வேண்டாம். வெளிப்புறப் பெயின்ற் வருடக் கணக்காக உதிர்ந்து விழுந்தது அந்த ஓரத்தில்தான். சுவரிலிருந்து ஒரு மீற்றர் வரை மரத்தூள் மல்ச் போட்டு மூடுங்கள். ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கிறீர்கள் என்றால் கறுப்புக்கால் உண்ணியையும் நினைவில் வையுங்கள். வெப்பநிலை நாலு பாகைக்கு மேல் இருக்கும் வரை அது திரியும், இலைக்குவியல் அதற்குப் பிடித்த இடம். குளிக்க வார்க்கும்போது முழங்காலின் பின்புறம், கவட்டு, காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூரான சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், திருக வேண்டாம்.

தீபாவளியும் ஹலோவீனும் அடுத்தடுத்து வரும் இந்த நாட்களில் மெழுகுதிரிக்குப் பதிலாக எல்லோரும் வாங்கும் சின்ன மின்விளக்குகளில் காசு போல ஒரு பற்றரி இருக்கும். அதன் மூடி ஸ்குரூ போடாதது என்றால் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பான் என்ற சந்தேகம் வந்தாலே உடனே வைத்தியசாலை அவசரப் பிரிவு. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, சாப்பாடும் கொடுக்கக் கூடாது. மாமியிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

அறைக்குப் பெயின்ற் அடிப்பதை வைகாசிக்குத் தள்ளுங்கள். யன்னல்களைத் திறந்து வைத்து வேலை செய்யலாம், ஃபேர்னஸும் ஓடாது, ஆய்வுகூட முடிவும் அதற்குள் வந்திருக்கும். ஈயம் இல்லை என்று வந்தால் நீங்களே செய்யலாம். இருக்கிறது என்று வந்தால், யன்னலை மாற்ற எண்ணம் உண்டா என்பதை முதலில் இரண்டு பேரும் பேசி முடிவெடுங்கள். மாற்றப் போவதென்றால் சுரண்டுவதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். வேலைக்கு வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அறையைப் பிளாஸ்ரிக் தாளால் மறைத்துக் கதவையும் காற்றுத் துளைகளையும் அடைப்பீர்களா, ஈரமாக்கித்தான் சுரண்டுவீர்களா, முடிந்த பிறகு ஹெப்பா வாக்கியூம் போட்டுத் துடைப்பீர்களா. ஏதாவது ஒன்றுக்கு "அதெல்லாம் தேவையில்லை அக்கா" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். அந்த வேலை நடக்கும் நாட்களில் நீங்களும் மகனும் வேறு வீட்டில் இருக்க வேண்டும். வயிற்றில் இன்னொரு பிள்ளை இருந்தால் அது இன்னும் கட்டாயம்.